பாத்திமா பதிந்து கொடுத்த கேஸ் நம்பர்

"ஓடிப்போனவளுக்கு இன்னும் எதுக்கு ஆத்தா வக்காலத்து வாங்குறீக?" என்று டீக்கடை மிக்கேல்ராஜ் கேட்டான். "இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். கருப்பணன் வண்டியில, முன் சீட்டுல, ஏறி உக்காந்து போனா. பொண்டாட்டி இருக்கிறவனோட போனா அதுக்கு வேற என்ன பேரு?"

"ஏலே, அவளுக்கு இடது காலு சூம்பின காலு. இரும்புப் பட்டையும் ஊனுகோலும் இல்லாம நாலு எட்டு வைக்க மாட்டா. அவ ஓடுனாளாக்கும்!" என்றேன்.

"அதான் வண்டி வச்சு ஓடியிருக்கா."

சுற்றி நின்று டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தேன்.

"சரிலே. ரெண்டு பேரும் ஓடுனாகன்னே வச்சுக்குவோம். அவன் மட்டும் அன்னிக்குச் சாயங்காலமே வந்து ஒன் கடையில டீ குடிச்சானே, அவள எங்க விட்டுட்டு வந்தான்? ஒரு வார்த்த கேட்டியா?"

மிக்கேல்ராஜ் கிளாஸ் கழுவத் திரும்பிக்கொண்டான். கேட்க மாட்டான். கருப்பணனிடம் கேட்கிற தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. பாத்திமாவைப் பேசுவதற்குத் தைரியம் தேவையில்லை, அவள் இங்கே இல்லை.

ஆறு மாதமாக இதே பேச்சு. அதனால்தான் இதை எழுதி வைக்கச் சொன்னேன். எனக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டுதான். வியாகுலம்மாள் என்ற என் பேரைக்கூட அடுத்தவர் எழுதித்தான் பார்த்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார்கள். இரண்டு இடத்தில் "இது வேண்டாமே, வம்பு வரும்" என்றார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பாத்திமா என் வீட்டு முன்னறைக்கு வாடகைக்கு வந்தது தொண்ணூற்று நாலில், மாங்காய்க் காலத்தில். நத்தம் பக்கத்து ஊர்க்காரி. பாத்திமா என்பது மாதா பேர், எங்கள் சர்ச் சபைதான். இருபத்து மூன்று வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் காலைத் தின்றுவிட்டது. கால் ஊனமானவர்களுக்கு அரசாங்கம் போன் பூத் கொடுத்த காலம் அது. மனு எழுதிப் போட்டு, அந்தக் காலோடேயே ஆபீஸ் ஆபீசாக நடந்து, ஒன்றை வாங்கிவிட்டாள். மஞ்சள் போர்டு மாட்டினாள். கண்ணாடிக் கூண்டு வைத்தாள். சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர் ஒன்று, பில் அடிக்கிற மிஷின் ஒன்று. இவ்வளவுதான் அவள் சொத்து.

கூண்டுக்குள் யாராவது பேசும்போது பாத்திமா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள். பாட்டுக் கேட்க இல்லை, அவர்கள் பேசுவது தன் காதில் விழக் கூடாது என்று. பேசி முடித்தவர்களிடம் பில்லைக் கொடுத்து, "நம்பர் அதுல அடிச்சிருக்கு, கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்பாள். அவர்கள் போன பிறகு எழுந்து கூண்டுக்குள் போய், மணி சொல்லும் நம்பரை ஒருமுறை அடித்துவிட்டு வருவாள். எனக்கு முதலில் புரியவில்லை.

"என்ன தாயி, சுவத்துல கடிகாரம் தொங்குது, காசக் குடுத்து மணி கேக்குற?"

"பெரிம்மா, இந்தப் போன்ல ஒரு பொத்தான் இருக்கு. கடைசியா பேசுன நம்பர அதுவே திரும்பக் கூப்பிடும். நான் மணி கேட்டுட்டா, அடுத்து வாரவன் அமுக்குனா மணிதான் கேக்கும்."

ஒருநாள் ஒருவன் வந்தான். அவன் பெண்டாட்டி அப்போதுதான் அழுதுகொண்டே பேசிவிட்டுப் போயிருந்தாள். யாரிடம் பேசினாள் என்று கேட்டான். "மிஷினுக்கு ஞாபகம் கிடையாதுண்ணே" என்றாள் பாத்திமா. அவன் விஷயம் தெரிந்தவன்; நேராகக் கூண்டுக்குள் போய் அந்தப் பொத்தானை அமுக்கினான். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். வெளியே வந்து, "பத்து மணி இருபது நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் பெண்டாட்டி மறுநாள் கன்னத்தில் விரல் தடத்தோடு தண்ணீர் எடுக்க வந்தாள். அதன்பின் பாத்திமா அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்ததே இல்லை.

இரண்டாயிரத்து நாலு, ஐந்துவாக்கில் பூத்துக்கு ஆள் குறைந்தது. ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது. பாத்திமா மதுரைக்குப் போய் மூன்று மாதம் செல்போன் ரிப்பேர் படித்துவிட்டு வந்தாள். கண்ணாடிக் கூண்டில் போன் கவர்களும் சார்ஜர்களும் தொங்கின. சிம் கார்டு, கூப்பன், ரிப்பேர் எல்லாம் உண்டு. பெண்பிள்ளை வைத்திருக்கிற கடை என்று பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மேட்டுப்பட்டியிலிருந்து வருவார்கள், பேகம்பூரிலிருந்து வருவார்கள், மில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி வருவார்கள்.

அவள் வெறும் சாமான் விற்கவில்லை, புத்தி சொல்லித்தான் விற்றாள். "நனைஞ்ச செட்ட ஆன் பண்ணிப் பாக்காதீங்க. மொதல்ல பேட்டரியக் கழத்துங்க, ரெண்டு நாள் அரிசிக்குள்ள பொதச்சு வைங்க. உயிர் இருக்கான்னு பாக்கத்தான் எல்லாரும் ஆன் பண்ணுவாங்க, அந்த நிமிசத்துலதான் அது சாகும்." இது ஒன்று. "கரண்ட் போய்ட்டு வரும்போது சார்ஜர் சொருகியிருக்கக் கூடாது. வந்து செத்த நேரம் கழிச்சுச் சொருகுங்க." இது ஒன்று. வாழைக்காய் ஏற்ற வருகிறவர்களிடம், "பேச வேண்டியத மலை ஏறுறதுக்கு முன்னாடி பேசி முடிச்சிருங்க. சிறுமலை ரோட்டுல மூணாவது வளைவு தாண்டினா டவர் கிடையாது, அந்தம்மா குரல்தான் கேக்கும்" என்பாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று சொல்லுமே, அந்தப் பதிந்து வைத்த குரல்.

மில் பிள்ளைகளுக்கு மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள். "ரீசார்ஜ் கடையில போய் நம்பரச் சத்தமாச் சொல்லாத. பக்கத்துல நிக்கிறவன் மனசுல எழுதிக்குவான், சாயங்காலத்துக்குள்ள மிஸ்டு கால் வரும். கூப்பன் வாங்கி நீயே சொரண்டி நீயே அடி."

எனக்கும் டார்ச் லைட் வைத்த சின்ன செட் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். படிக்கத் தெரியாதவளுக்கு என்ன போன் என்று என் மகன் கேட்டான். பாத்திமா என் விரலைப் பிடித்துப் பொத்தான்கள் மேல் நடத்தினாள். "நடுவுல சின்னப் புள்ளி மாதிரி மேடு தட்டுதா? அதான் அஞ்சு. அத அமுக்கிப் பிடிச்சா நான். அதுக்கு மேல ரெண்டு, ஒங்க மகன். பக்கத்துல மூணு, வத்தலக்குண்டு மகள்." அன்றிலிருந்து நான் யாரையும் கெஞ்சாமல் என் மகளோடு பேசினேன். மகள் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி அடித்து வெட்டிவிடுவாள். ஒற்றை ரிங் வந்தால் சேர்ந்தாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம், காசும் ஆகாது.

இந்த நல்ல புத்திகளோடுதான் அந்த ஒரு புத்தியும் வந்தது.

தாய் வீட்டோடு பேசக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிற புருஷன்மார் எங்கள் பக்கம் நிறைய. அப்படிப்பட்ட பெண் ஒருத்தி வந்து, அம்மா நம்பரை எப்படிப் பதிவது என்று கேட்டாள். பாத்திமா யோசித்துச் சொன்னாள். "ஆம்பளப் பேரும் வேணாம், பொம்பளப் பேரும் வேணாம். பேருன்னு இருந்தா யாருன்னு கேப்பாங்க. கேஸ்னு போட்டுக்க. சிலிண்டர்க்காரன் கூப்பிட்டா எந்த ஆம்பளயும் சந்தேகப்பட மாட்டான்."

அது பலித்துவிட்டது. பலித்ததும் அடுத்தவளுக்குச் சொன்னாள். அண்ணனோடு பேசக் கூடாதென்று புருஷன் தடுத்திருந்த காதர் பீவிக்குப் பதிந்து கொடுத்தாள். கருப்பணன் பெண்டாட்டி பெருமாயி, கன்னிவாடியில் இருக்கிற தன் அம்மா நம்பருக்காக வந்தாள். அவளுக்கும் இங்கிலீசில் அதே மூன்று எழுத்து. எத்தனை பேருக்கு என்று பாத்திமா கணக்கு வைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்கிற சந்தோஷம் அவள் கண்ணை மறைத்துவிட்டது. எனக்கும் தோன்றவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

பெருமாயியோடு சேர்ந்து அவள் நாத்தனாரும் வந்தாள். மகேஸ்வரி. கருப்பணனின் ஒரே தங்கச்சி, ஸ்பின்னிங் மில்லில் வேலை. இரண்டு பேரும் ஒரே நாளில் சிம் வாங்கினார்கள். மறுநாள் அதே மில்லில் ஃபிட்டராக இருந்த மதியழகன் வந்து, அதே சிம் கட்டிலிருந்து அடுத்ததை வாங்கினான். ஃபாரத்தில் போட்டோ ஒட்டி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுத்து, கையெழுத்துப் போட்டான். ஒரு வாரம் கழித்து மகேஸ்வரி தனியாக வந்து, அவன் நம்பரைத் தன் செட்டில் கேஸ் என்று பதிந்துகொண்டு போனாள்.

அன்றைக்கே நான் சொன்னேன். "தாயி, இது தாய் வீட்டுக்குப் பேசுற சமாச்சாரம் இல்ல. அந்தப் பையன் வேற தெரு. கருப்பணன் வகையறா எப்பேர்ப்பட்ட ஆளுகன்னு ஒனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் அவர்கள் சொந்தத்தில் ஒரு பெண் இப்படித்தான் வேறு தெருப் பையனை விரும்பினாள். ஒரு விடியற்காலையில் அவளுக்கு வயிற்று வலி என்றார்கள். ஏழு மணிக்குச் செத்துவிட்டாள் என்றார்கள். பத்து மணிக்குள் எரித்துவிட்டு வந்து தலை முழுகினார்கள். அந்தச் சாவுக்குப் பந்தல் போட்டவன் கருப்பணன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஆடி மாதம். கருப்பணன் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தது.

சோறு பாதி வெந்து நின்றது. பெருமாயி குழாயடியில் இருந்தாள். சும்மா நின்ற கருப்பணன், தானே புக் பண்ணிவிடலாம் என்று பெண்டாட்டி செட்டை எடுத்தான். கேஸ் என்று இருந்தது, அமுக்கினான். அந்தப் பக்கம் அவன் மாமியார் எடுத்தாள்.

"என்னடி பெருமாயி, அந்த எமன் வெளிய போயிட்டானா?"

அவன் ஒன்றும் பேசாமல் வெட்டினான். பெருமாயி வந்ததும் அடித்தான். அடித்து முடித்துவிட்டு, இந்த யோசனையை யார் சொன்னது என்று கேட்டான். பாத்திமாக்கா என்று சொல்லிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த அடிக்கு நானும் சொல்லியிருப்பேன். பிறகு அவன் உட்கார்ந்து யோசித்தானாம். தங்கச்சி செட்டை எடுத்தான். அதிலும் கேஸ் இருந்தது. இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், வேறு வேறு. இரண்டாவதை அமுக்கினான். "சொல்லு மகேசு" என்றது ஓர் ஆம்பளைக் குரல். இவன் மூச்சு விடாமல் நின்றான். அந்தப் பக்கத்துக்கு ஏதோ தட்டுப்பட்டு வெட்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்தான்.

மகேஸ்வரியைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார்கள். மில்லுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அடிபட்டும் பேரைச் சொல்லவில்லை.

பெருமாயி குடத்தோடு வந்து இதையெல்லாம் என் அடுப்படியில் நின்று சொன்னாள். "ஒங்க கேஸுதான்க்கா எங்க ரெண்டு பேரையும் காட்டிக் குடுத்துருச்சு" என்றாள். பாத்திமா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"ஒரே பூட்ட ஊருக்கெல்லாம் வித்திருக்கேன் பெரிம்மா. ஒருத்தி சாவி போனா எல்லார் வீடும் தொறக்கும்னு எனக்குத் தோணலயே. பூத்துல ஒவ்வொருத்தருக்கும் எந்திரிச்சுப் போய் மணி கேட்டவதானே நான்?"

மறுநாள் காலை கருப்பணன் கடைக்கு வந்தான். அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். கையில் கொண்டுவந்த ஒரு சீப்புப் பழத்தை மேஜைமேல் வைத்தான்.

"சிறுமலைப் பழம்க்கா. சாப்பிடுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு கவர் வாங்கினான். மத்தியானம்வரை இருந்தான். ஒன்றுமே கேட்கவில்லை. அரைமணிக்கு ஒருதரம் ஒரு நம்பரை அடிப்பான், சுவிட்ச் ஆஃப் என்கிற குரலை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்பான், சிரிப்பான். கடைக்கு வந்த பெண்கள் வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

இரண்டாம் நாள் வாயைத் திறந்தான்.

"எங்க வீட்டுல ரெண்டு கேஸ் இருக்குக்கா. ஒண்ணு எங்க மாமியா. இன்னொண்ணு யாரு?"

"எனக்கெப்படித் தம்பி தெரியும்?"

"எம் பொண்டாட்டி நம்பரும் இந்த நம்பரும் கடைசி ரெண்டு எழுத்துலதான்க்கா மாறுது. ஒரே கட்டு சிம்மு. ஒங்க கடைக் கட்டு. ஃபாரத்துல போட்டோ ஒட்டியிருப்பான்ல?"

"ஃபாரமெல்லாம் கம்பெனிக்குப் போயிருச்சு."

"ஜெராக்ஸ் வச்சிருப்பீங்க. நீங்க எல்லாத்தையும் பத்திரமா வைக்கிற ஆளு." பழச்சீப்பை அவள் பக்கம் நகர்த்தினான். "சாப்பிடவே இல்லையே. பரவால்ல. கம்பெனியில நமக்கு ஆள் இருக்கு. சனிக்கிழமை ஃபாரம் கைக்கு வந்துரும். அதுக்கு முன்னாடி நீங்களாக் குடுத்தா ஒங்களுக்கு மரியாத."

அன்று புதன்கிழமை. பாத்திமா உள்ளே வந்து, பெட்டியிலிருந்து மதியழகன் ஃபார ஜெராக்ஸை எடுத்து என் அடுப்பில் வைத்தாள். போட்டோ சுருண்டு கறுப்பதைப் பார்த்துக்கொண்டே, "இது ஒண்ணு எரிஞ்சா என்ன, சனிக்கிழமை இன்னொண்ணு வரும்" என்றாள்.

"போலீசுக்குப் போவம் தாயி."

"போலீசு வந்து கதவத் தட்டும்போது மகேஸ்வரி உயிரோட இருக்கணுமே பெரிம்மா. அவங்களுக்கு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவுல இருக்கிற நேரமே போதும்ல?"



அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கருப்பணன் அரை நாள் ஊரில் இருக்கக் கூடாது; யாரும் போன் போட்டு அவனைத் திரும்பக் கூப்பிடவும் முடியக் கூடாது. அதற்கு ஒரே ஓர் இடம்தான் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தைப் பற்றி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான்.

வியாழக்கிழமை அவன் வந்ததும், வெகுநேரம் தயங்குவதுபோல் தயங்கிச் சொன்னாள். "மலைக்காரப் பையன் தம்பி. பேரு நெசமான்னுகூடத் தெரியல. தோட்டத்து வீடு, கதவு நம்பர் கிடையாது. சர்ச் காரியமா ஒரு தடவ அந்தப் பக்கம் போயிருக்கேன், எடம் காட்டுவேன். எம் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது."

அவன் அவளையே பார்த்தான். பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன்க்கா. ரெடியா இருங்க" என்றான்.

மகேஸ்வரி தப்பித்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டீச்சரம்மா இதைக் கடைசியில் வைக்கலாம் என்றார்கள். எனக்குக் கடைசியில் பாத்திமாதான் வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலமே பாத்திமா பஸ் ஸ்டாண்டில் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து மில்லுக்குப் பேசி, மதியழகன் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். என் செட்டில் புது சிம் போட்டு, ஏழாம் பொத்தானில் கருப்பணன் நம்பரை வைத்தாள். "வண்டி கெளம்புன அரைமணி கழிச்சு ஏழ அமுக்கிப் பிடிங்க. மணி அடிச்சா வெட்டிருங்க. அந்தம்மா குரல் கேட்டா நாங்க மூணாவது வளைவு தாண்டியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் பெருமாயி வீட்டுக்குப் போங்க."

அப்படியே செய்தேன். மூன்று தடவை மணி அடித்தது. நாலாவது தடவை அந்தக் குரல் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கருப்பணன் வீட்டு வாசலில் போய் நின்று, தெருவே கேட்கச் சத்தமாக, "பெருமாயி, ஒங்க வீட்டுக்கு கேஸ் வந்துருச்சாடி?" என்று கேட்டேன். அந்தச் சைகைக்குத்தான் அவள் காத்திருந்தாள்; பின்னறைப் பூட்டையும் பின்கதவையும் திறந்துவிட்டாள். அந்தப் பிள்ளை நடக்க முடியாமல் நடந்து வந்தது. எந்தச் சந்து, எந்த பஸ் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் என் போனில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மணி அடித்து நின்றது. ஒற்றை ரிங். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

வண்டி அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பியது. கருப்பணன் தனியாக இறங்கி, மிக்கேல்ராஜ் கடையில் டீ குடித்தான். "அந்தக்கா பாதி மலையில எறங்கிக்கிட்டாங்க, பஸ்ஸுல வாரேன்னாங்க" என்றான். மலையிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் மூன்று தடவை போய்க் கேட்டேன், காலில் பட்டை போட்ட பெண் யாரும் ஏறவில்லை. பெருமாயி மறுநாள் விடியலில் கன்னிவாடி பஸ் ஏறியவள் திரும்பி வரவேயில்லை. போகும்போது என் வாசலில் நின்று ஒன்று சொன்னாள். வண்டியில் சீட்டுக்குப் பின்னால் பாத்திமாவின் ஊன்றுகோல் கிடந்ததாம். நான் போய்ப் பார்ப்பதற்குள் அது அங்கே இல்லை, வண்டியைக் கழுவிவிட்டிருந்தார்கள். போலீசில் கைநாட்டு வைத்து மனுக் கொடுத்திருக்கிறேன். தேடுகிறோம் என்கிறார்கள். கருப்பணன் இப்போதும் என்னை வழியில் பார்த்தால், "சொகமா ஆத்தா? போன் நல்லாப் பேசுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் எழுந்து குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வந்தாள். நான் இட்லி அவித்தேன். இரண்டு தின்றாள், மூன்றாவதைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள். பிறகு தன் செட்டை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, சிம்மை உருவி, கத்தரிக்கோலால் மூன்று துண்டாக நறுக்கினாள்.

"ஒம் போன் இல்லாம மலைக்கா போற?" என்றேன்.

"அங்க டவர் இல்ல பெரிம்மா. வச்சிருந்தும் பிரயோசனம் இல்ல. இதுல அம்புட்டுப் பொம்பளைக நம்பர் இருக்கு. அவன் கையில கெடைக்கக் கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் திரும்பி வருவதைப் பற்றி ஒரு ஏற்பாடும் செய்யவில்லை என்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மேல போய், வீடு எங்கன்னு கேட்டா என்னடி சொல்லுவ?"

"இந்த வீடு இல்ல, அந்த வீடுன்னு சொல்லுவேன். எம்புட்டு நேரம் சொல்ல முடியுமோ அம்புட்டு நேரம்."

"அதுக்கப்புறம்?"

பட்டையின் வாரை இழுத்து மாட்டினாள். வெளியே ஹாரன் அடித்தது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்படியில் பட்டை இடிக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், பதினாலு வருஷமாகக் கேட்ட சத்தம். அன்றும் வந்தது.

"கடையப் பூட்டட்டுமா தாயி?"

"தொறந்தே இருக்கட்டும் பெரிம்மா. பூட்டியிருந்தா சந்தேகப்படுவான். யாராச்சும் ரீசார்ஜ்னு வந்தா நம்பரச் சத்தமாச் சொல்ல விடாதீங்க." இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். "ராத்திரி முழுக்க சார்ஜுல போட்டு வைக்காதீங்க, பேட்டரி வீங்கிரும். எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டீங்க."

கருப்பணன் இறங்கி வந்து முன்கதவைத் திறந்துவிட்டான். "பாத்துக்கா, மெதுவா" என்றான். அவள் ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்தாள். நல்ல காலை எடுத்து வைத்தாள். பிறகு இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். அவன் வெளியிலிருந்து கதவைச் சாத்தி, சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

மிக்கேல்ராஜ் எதிர்க் கடையில் நின்று பார்த்தது இதைத்தான்.

வண்டி கோயிலைத் தாண்டி மலைப் பக்கம் திரும்பியது. நான் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். விரல் தன்னால் போய் நடுவில் இருந்த அந்தப் புள்ளியைத் தடவியது. அதை அமுக்கினால் இனி யாரும் எடுக்கப் போவதில்லை. அரைமணி கழித்து ஏழை அமுக்க வேண்டும். கடிகாரம் தெரியும் இடமாகப் பார்த்து, உள்ளே போய் உட்கார்ந்தேன்.